எங்களை அளந்தது யார்?



போன ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்கு, மேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற தங்கை ஒருத்தி ஒரு மணிநேரம் தாமதமாக வந்தாள். கையில் துணிக்கடைப் பை. விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் முந்தின வாரம் எடுத்த குர்த்தியை மாற்றப் போயிருக்கிறாள். அவள் வழக்கமாக எடுப்பது 'எல்'. இந்தக் கடையின் 'எல்' தோளைத் தாண்டவில்லை. 'எக்ஸ்எல்' மார்பில் பிடித்தது, இடுப்பில் தொளதொளத்தது. 'டபுள் எக்ஸ்எல்'லில் கை மட்டும் ஒழுங்காக நுழைந்தது. "உங்க உடம்புவாகுக்கு ரெடிமேட் செட் ஆகாதுக்கா" என்று கடைப்பெண் சொல்லிவிட்டாள். வட்டத்தில் இருந்த பையன் ஒருவன் "சோத்தைக் குறை" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. காலேஜில் நடக்கப்போகும் வேலை இண்டர்வியூவுக்காக, அம்மாவின் நூறு நாள் வேலைக் காசில் எடுத்த துணி அது.

அன்று படிக்க வைத்திருந்த புத்தகத்தை மூடிவிட்டு அந்தக் குர்த்தியைப் பற்றித்தான் பேசினோம்.

ஆணவக்கொலையும் பஞ்சமி நிலமும் இருக்க, சுடிதார் அளவு ஒரு பிரச்சினையா அக்கா என்று கேட்பீர்கள். 1930 டிசம்பரில், நமக்குப் பக்கத்து ராமநாதபுரம் சீமையில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். பெரும்பாலானவை உடம்பில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதைப் பற்றியவை. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது, சட்டையோ பனியனோ போடக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளை ஓட்டிப்போனார்கள். 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1927 டிசம்பரில், மகாடில் கூடிய பெண்களிடம் பாபாசாகேப் பேசியதும் சேலைக்கட்டைப் பற்றித்தான். தீண்டாமையின் அடையாளமாக இருக்கும் கட்டை விடுங்கள், மற்றப் பெண்களைப் போலக் கட்டுங்கள் என்றார். நமக்கு உடுப்பு எப்போது சின்ன விஷயமாக இருந்தது?

என் அம்மா கதை ஒன்று. திருமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஒரே ஒரு தையல்காரர். எங்கள் தெருப் பெண்கள் மேல் அவர் டேப் வைக்கமாட்டார். பழைய ரவிக்கை ஒன்றைத் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு இறங்கி நிற்க வேண்டும். அவர் அதை மரஸ்கேல் நுனியால் தூக்கிப் பார்த்து, கண் அளவில் வெட்டுவார். தைத்து வருவது பெரும்பாலும் சட்டிபோல இருக்கும். இன்று எல்லார் வீட்டிலும் 'அளவு ஜாக்கெட்' கொடுத்துத்தான் தைக்கிறோம். ஆனால் எங்கள் தெருவுக்கு அது வசதிக்காக வந்த பழக்கமில்லை. இந்தியாவின் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006-இல் வெளிவந்த தீண்டாமை ஆய்வு ஒன்றிலும், தையல்காரர் அளவெடுக்க மறுப்பது ஒரு தீண்டாமை வடிவமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா மதுரைக்குக் கூட்டிவந்தார். மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபம், கல்தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள். (அந்தக் கடைகள் எல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.) கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் "கையைத் தூக்கும்மா" என்று சொல்லி டேப்பைச் சுற்றினார். அளவைச் சத்தமாகச் சொல்ல, ஒரு பையன் நோட்டில் எழுதினான். "யாரு எவருன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்று அம்மா இன்றைக்கும் சொல்லும். அன்று அவர் சொன்ன நம்பர்களையும் மறக்கவில்லை.

அதனால் ரெடிமேட் வந்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஹேங்கரில் தொங்கும் துணி சாதி கேட்காது. பழைய தையல்காரர் எங்கள் சாதியை அறிந்து உடம்பைத் தொட மறுத்தார். ரெடிமேடுக்கு எங்கள் சாதியும் தெரியாது, உடம்பும் தெரியாது.

ஏன் தெரியாது? ஒரு கம்பெனி முதலில் ஒரு நடு அளவுக்குப் பேட்டர்ன் வெட்டும். அதிலிருந்து மேலேயும் கீழேயும் ஒவ்வொரு சைஸுக்கும் இத்தனை இஞ்ச் என்று கூட்டிக் குறைக்கும். அந்த நடு அளவு யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் 1939-40இல் வேளாண்மைத் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை, ஆளுக்கு 59 இடங்களில் அளந்தது. கணக்கில் சேர்த்தது வெள்ளைப் பெண்களின் அளவுகளை மட்டுமே. அந்த அளவுகளை அடிப்படையாக வைத்து 1958-இல் ஒரு தர அளவு வந்தது, 1983-இல் அதையும் விலக்கிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டம். வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று பெரிய துணிக்குச் சின்ன நம்பர் ஒட்டுவதும் நடக்கிறது. நம் ஊர்க் கடைகளிலும் ஆளுக்கொரு சார்ட், அதிலும் பல வெளிநாட்டிலிருந்து எடுத்துக்கொண்டவை.

இந்தியாவுக்கென்று அளவு வேண்டும் என 2018-இல் மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் நிறுவனமும் 'இந்தியாசைஸ்' என்ற திட்டத்தை அறிவித்தன. 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது திட்டம். கை படாமலே அளக்கும் கருவி. எங்கள் ஊர்த் தையல்காரருக்கு ரொம்பப் பிடித்திருக்கும். திட்டம் நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் அளக்கத் தேர்ந்தெடுத்தவை ஆறு நகரங்கள். மதுரை அதில் இல்லை, மேலூரும் வாடிப்பட்டியும் எங்கே இருக்கப்போகின்றன? நாற்று நடும், செங்கல் சுமக்கும் பெண்ணுக்குத் தோளும் மேல்கையும் திரண்டிருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்கும். நம் தங்கைக்குக் கையில் இடித்ததே, அது சோற்றால் வந்ததில்லை தம்பி. பள்ளி விடுமுறையெல்லாம் அம்மாவோடு களத்துமேட்டில் நின்ற கை அது.

இதில் எனக்கு ஆறாத கோபம் வேறொன்று. இங்கிருந்து ஒன்றரை மணிநேரத்தில் திண்டுக்கல். அங்கே ஏற்றுமதிக் கார்மெண்ட்ஸ்களில் தைப்பவர்களில் நம் பெண்கள் ஏராளம். செக்கிங்கில் நிற்பவள் கையில் இஞ்ச் டேப், எதிரே மெஷர்மெண்ட் சார்ட். அரை இஞ்ச் பிசகினால் பீஸ் திரும்பிவிடும், திட்டும் விழும். அப்படி ஒரு ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் ஜெயஸ்ரீ கதிரவேல் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். மேற்பார்வையாளரின் பாலியல் தொல்லையை மாதக்கணக்கில் சுமந்தவள் என்று குடும்பமும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் டிடிசியு சங்கம் போராடி, 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. யாரோ ஒரு நாட்டுப் பெண்ணின் தோள் அளவு அரை இஞ்ச் பிசகக்கூடாது என்று இந்தப் பெண்கள் காக்கிறார்கள். அவர்களின் தோள் அளவு எந்தச் சார்ட்டிலும் இல்லை. "ஒரே அளவுக்கு ஒரு கம்பெனிக்கு எம்முன்னு லேபிள் வப்போம், இன்னொண்ணுக்கு எல்லுன்னு வப்போம்" என்று அங்கே தைக்கும் ஒரு தோழி சொன்னாள். லேபிள் தைப்பவளுக்கு அதன் ரகசியம் தெரியும். கடையில் கண்ணாடி முன்னால் நின்று கூசுகிற நமக்குத்தான் தெரியாது.

சரி, கேட்க என்ன உரிமை இருக்கிறது? சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011. இதில் 2022-இல் செய்த மாற்றம், திறந்தபடி தொங்கவிட்டு விற்கும் ரெடிமேட் துணிகளுக்குச் சில விவரங்களிலிருந்து விலக்குக் கொடுத்தது. ஆனால் அளவு விஷயத்தில் விலக்கு இல்லை. எஸ், எம், எல் என்ற எழுத்தோடு சென்டிமீட்டரிலோ மீட்டரிலோ அளவும் இருக்க வேண்டும். நம் தங்கையின் குர்த்தியைப் புரட்டிப் பார்த்தோம். வெறும் 'எல்'. சென்டிமீட்டர் போட்டிருந்தாலும், அது உடம்பின் அளவா துணியின் அளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நாலு இஞ்ச் வரை வித்தியாசம் வரும். தமிழ்நாட்டில் இந்த விதியை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைப்பெண்ணிடம் சண்டைக்கு நிற்காதீர்கள். உட்கார நாற்காலி கொடு என்று 2021-இல் சட்டம் போட்ட பிறகும் பல கடைகளில் நின்றபடியே இருக்கிறாள் அவள். முதலாளியிடம், லேபிள் ஒட்டிய கம்பெனியிடம் கேளுங்கள்.

அந்தக் குர்த்தியைக் கடைக்காரர் மாற்றவில்லை. பக்கவாட்டுத் தையலைப் பிரித்து, அக்குளில் ஒரு துண்டு வைத்துத் தைக்க 80 ரூபாய் ஆனது. வட்டத்தில் பிரித்துக் கொடுத்தோம், சிரித்த பையன் 20 போட்டான். இண்டர்வியூ வருகிற புதன்கிழமை.

அடுத்த ஞாயிறு வரும்போது உங்கள் வீட்டில், தெருவில், ஹாஸ்டலில் இருக்கும் குர்த்தி லேபிள்களைப் போட்டோ எடுத்து வாருங்கள். ஒரு இஞ்ச் டேப் நான் கொண்டுவருகிறேன். எதில் சென்டிமீட்டர் இருக்கிறது, எதில் இல்லை, எந்தக் கம்பெனியின் 'எல்' எத்தனை இஞ்ச் என்று எழுதி, மனுவோடு சேர்த்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுப்போம்.