வருமானமில்லாதவன் இழப்பதற்கு ஒன்றுமில்லையா?

சாலை விபத்தில் உறுப்பிழந்தோர்க்கு இழப்பீடு அளப்பதில் மலேசியச் சட்டம் ஒரு விந்தையான துலாக்கோலைப் பிடித்திருக்கிறது. 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தில் 1984இல் சேர்க்கப்பெற்ற 28ஏ பிரிவே அது. விபத்துக்கு முன் தம் உழைப்பால் வருமானம் ஈட்டிக்கொண்டிருந்தவர்க்கே எதிர்கால வருமான இழப்பு உண்டென்பது அதன் விதி. வயது முப்பதுக்கு மேற்படாதோர்க்கு 16 ஆண்டு வருமானம் கணக்கிடப்படும்.

விளைவைக் காண்போம். அண்ணனும் தம்பியும் ஒரே மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர். அண்ணனுக்கு வயது 25. பட்டறையில் மாதம் 2,000 வெள்ளி சம்பளம். தம்பி ஐந்தாம் படிவ மாணவன். பிறர் தவறால் கார் மோதி, இருவரும் இனி உழைக்கவியலாதவராகின்றனர். கழிவுகளுக்கு முன் அண்ணனுக்கு 384,000 வெள்ளி. தம்பிக்கோ அத்தலைப்பின் கீழ் ஒரு காசும் இல்லை! வலிக்கும் வேதனைக்கும் மருத்துவச் செலவிற்கும் ஏதோ கிடைக்கும். எதிர்கால வருமான இழப்பு என்று கிடையாது. பிள்ளைகளை வளர்த்து வீட்டைத் தாங்கும் இல்லத்தரசியின் நிலையும் அதுவே.

"மாணவன் நாளை எவ்வளவு சம்பாதிப்பான் என்பதை யார் அறிவார்?" என்பார் உளர். அண்ணனின் நாளையை மட்டும் யார் அறிந்தார்? வேலைக்குச் சேர்ந்து ஒரு திங்களே ஆனவனுக்கும் 16 ஆண்டு அளந்து கொடுக்கும் சட்டம், ஊகத்திற்கு அஞ்சுகிறது என்பது நகைப்பிற்குரியது. காப்புறுதிக் கட்டணம் உயரும் என்பது மற்றொரு வாதம். உயர்ந்தால் வண்டியோட்டுவோர் அனைவரும் சிறிது சிறிதாகச் சுமப்பர். இன்று அச்சுமை முழுவதும் அம்மாணவனின் தாய் தலையில் அன்றோ இருக்கிறது?

இவ்விதி பொய்க்கும் வாசல் திறக்கிறது. "பையன் பகுதிநேரம் கார் கழுவினான் என்று ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்" என மருத்துவமனை வாசலில் ஓதும் தரகனுக்கு இதனினும் நல்ல முதல் வேண்டுமோ? நாட்கூலியாய் மெய்யாகவே உழைத்து, சம்பளச் சீட்டுமின்றி ஊழியர் சேமநிதிக் கணக்குமின்றி நிற்பவனோ, ஈட்டியதை மெய்ப்பிக்க இயலாமல் திகைக்கிறான்.

2019இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. வயது வரம்பு 55இலிருந்து 60 ஆயிற்று. மரணத் துயருக்கான ஈடு 10,000 வெள்ளியிலிருந்து 30,000 ஆயிற்று. நன்று. ஆயின் மாணவனைத் தள்ளிவைக்கும் அவ்வாசகத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் சட்டப்படி வரையறுக்கப்பட்டுள்ளது. மாணவர்க்கும் இல்லத்தரசியர்க்கும் அதனையே அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுமாறு 28ஏ பிரிவைத் திருத்த, நம் வாக்குப் பெற்று நாடாளுமன்றம் சென்றோர் எழுந்து பேசட்டும்.