கோணேசர் மலையில எந்தக் கல்லைப் படம் பிடிக்கிறம்?

திருக்கோணேஸ்வரத்துக்கு யாத்திரை போய் வந்த எங்கட வயசுக்காரரின் போனைத் திறந்து பாருங்கோ. பெரிய சிவன் சிலை, இராவணன் வெட்டு, கோபுரத்துக்கு முன்னால ஒரு செல்ஃபி. அவ்வளவுதான். மலைக்குப் போகும் வழியில் உள்ள கோட்டை வாசலை ஓட்டோவுக்குள்ள இருந்தபடியே கடந்துவிடுகிறோம்.

பழைய கோயிலின் கற்கள் கிடப்பது அந்த வாசலில்தான். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதே கற்களால் கோட்டை கட்டினார்கள். மீன் உருவமும் தேய்ந்த தமிழ்க் கல்வெட்டும் வாசலில் இன்னும் இருக்கின்றன. இன்று நாங்கள் கும்பிடும் கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது.

"கும்பிடப் போற இடத்தில கமரா எதுக்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். மூலஸ்தானத்துக்கு அது சரி. கோட்டைச் சுவருக்கு அது பொருந்தாது. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்த மலையடியில் சுழியோடி, கடலுக்குள் கிடந்த கோயில் இடிபாடுகளைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே கிளார்க் அதைப் புத்தகமாக எழுதிவிட்டார். வெளியில இருந்து வந்தவர்கள் கடலுக்குள்ள தேடினார்கள். எங்களுக்குக் கரையில நிக்கிற கல்லே கண்ணில படவில்லை.

இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை. 2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். முதல் பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. எந்தக் கல் யாருடையது என்று அப்படியொரு மேசையில் பேசப்படும்போது, எங்கட செல்ஃபி எதற்கு உதவும்?

இதே நேர்மை எங்களுக்கும் வேண்டும். திருகோணமலைக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரைக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்றும் பெயர். சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே உண்டு. தமிழ் என்றால் சைவம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதையும் போய்ப் பார்க்கட்டும்.

கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. ஆகவே காவலில் நிற்பவரிடம் கேட்டுவிட்டே எடுங்கோ. காலையோ மாலையோ, வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தெளியும். முழுக் கல்லை ஒருமுறை, எழுத்தைக் கிட்ட நின்று ஒருமுறை எடுங்கோ. அளவு தெரிய பக்கத்தில் ஒரு அடிமட்டத்தைப் பிடியுங்கோ. எண்ணெய், சுண்ணக்கட்டி எதுவும் பூசவேண்டாம், ஃபில்டரும் வேண்டாம். திகதியையும் இடத்தையும் எழுதி வையுங்கோ.

செல்ஃபியை அதுக்குப் பிறகு எடுக்கலாம்.