பெயரும் பழியும்

2009 சனவரி 7ஆம் நாள், ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் இராமலிங்க ராஜு, கணக்கேடுகளில் ஆண்டுக்கணக்காகப் பொய் கலந்ததைத் தம் மடலில் ஒப்புக்கொண்டார். இல்லாதிருந்தும் இருப்பதாகக் காட்டிய வங்கி இருப்பு மட்டுமே 5,000 கோடி ரூபாயைக் கடந்தது. சத்யம் எனின் உண்மை என்பது பொருள்! 2008இல் நல்ல நிருவாகத்திற்கென விருதும் பெற்றிருந்தது அந்நிறுவனம்.

2015இல் இவ்வழக்கில் தண்டனை பெற்றோர் பத்துப் பேர். அன்று அங்குப் பணியாற்றியோரோ ஏறத்தாழ 50,000 பேர். இரவெல்லாம் கண்விழித்து நிரல் எழுதிய இளைஞனுக்கும் போலி வைப்புச் சான்றிதழுக்கும் என்ன தொடர்பு? எனினும் வேறிடத்து நேர்காணலில் அவன் திறமைக்கு முன்னே அப்பெயரன்றோ வந்து நின்றிருக்கும்!

ஒன்றை மறத்தலாகாது. சனவரி 6 வரை அதே பெயர்தான் அவனுக்கு ஏற்றம் தந்தது; பெண் கேட்கச் சென்ற வீட்டிலுங்கூட! அன்று வியந்தோரும் பின்னர் விலகியோரும் ஆளைப் பார்த்திலர். 2009 ஏப்ரலில் டெக் மகிந்திரா அந்நிறுவனத்தை வாங்க முன்வந்தது, இத்தகையோர் உழைப்பின் மதிப்பை அறிந்தன்றோ?

நேர்காணும் இருக்கையில் அமர்ந்துள்ள நம் முன்னாள் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கணக்குப் பிரிவில் இருந்தவரிடம் கூடுதல் வினா எழுப்புவது முறையே. ஏனையோரிடம், எங்கிருந்தீர் என்பதோடு நில்லாது, என்ன செய்தீர் எனவும் வினவுங்கள். விண்ணப்பிப்போரும் அவ்வாண்டுகளை மறைக்க வேண்டா. விடுபட்ட ஆண்டுகளே ஐயத்தை வளர்க்கும். உருவாக்கிய மென்பொருள் யாது, அதில் தம் பங்கு எவ்வளவு எனத் தெளிவுற உரைப்பின், கேட்போர் உசாவி அறிந்துகொள்வர்.