யார் கண்கொண்டு இடம் தேர்வது?

வேனில் பிறந்ததும் தமிழ்நாட்டுச் செல்வர்க்கும் அவரைப் பார்த்து வாழும் நடுத்தரத்தார்க்கும் ஒரே பேச்சுத்தான். ‘ஊட்டி’யா, ‘கொடை’யா? பார்த்துத் திரும்புவோர் ஒரு சாரார். பணம் சேர்ந்தபின் அங்கேயே மனை வாங்கிக் குடியேற எண்ணுவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் இயற்கையைக் காதலிப்பதாகவே சொல்லிக்கொள்கின்றனர். அக்காதலுக்குரிய கண் எவன் கொடுத்த கண் என்று எண்ணிப் பார்த்தவர் அவருள் மிகச் சிலரே.

மேட்டுப்பாளையத்தில் மலைத்தொடர்வண்டி ஏறுபவன் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போகட்டும். கல்லாறு வரையில் தமிழ். அதன்பின் ஆடர்லி, இல்குரோவு, இரன்னிமீடு. குன்னூரைக் கடந்தால் வெலிங்டன். கேத்தியைக் கடந்தால் இலவ்டேல். அவ் இருப்புப்பாதை 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. அதை இட்டவன் 1947இல் கப்பலேறிப் போய்விட்டான்; அவன் எழுதிய பெயர்கள் போகவில்லை. வெலிங்டன், முன்னர்ச் சகதளா என்னும் படகர் ஊர்ப்பெயரால் வழங்கிய இடம். எங்கோ நெப்போலியனை வென்ற படைத்தலைவனுக்கும் அம்மலைக்கும் என்ன உறவு? கடலே கண்ணுக்கு எட்டாத குன்னூர்ப் பாறையொன்று ஓங்கிலின் மூக்கு என்று ஆங்கிலத்திற் பெயர் பூண்டு நிற்கிறது. மலை என்னும் சொல் நம்மிடம் இருக்க, மாவட்டத்தின் பெயரே ‘கிரி’ என முடிகிறது. ‘மலைகளின் அரசி’ என்ற பட்டமும் வெள்ளையன் சூட்டியதன் மொழிபெயர்ப்பே.

பெயரில் என்ன இருக்கிறது என்பார் உளர். பெயரோடு பார்வையும் வந்தது. பார்வையோடு மரமும் வந்தது.

1819ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கோவை ஆட்சியராயிருந்த சான் சல்லிவன் நீலமலை ஏறினார். அம்மலை அவரைக் கவர்ந்ததற்குத் தலையாய கரணியம் அதன் குளிர்; அது தம் நாட்டைப் போன்றிருந்தது. (அம்மேட்டுநிலம் தோடர்க்குரியது, அவர்க்கு ஈடு கொடுத்தே கொள்ளவேண்டும் என்று தம் அரசினரோடு வாதிட்டவரும் அவரே. அந்நேர்மை இற்றைநாள் மனைவணிகர் எத்துணைப் பேரிடம் உண்டு?) உதகை ஏரி அவர் காலத்தில், 1824இல் செயற்கையாய் அமைக்கப்பட்டது. பின்னர் அதன் பெரும்பகுதி தூர்க்கப்பட்டு, குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் ஆயிற்று. எஞ்சிய குட்டையிற் படகு விட்டு, ‘என்னே இயற்கை!’ என்று வியக்கிறான் தமிழன்.

1843ஆம் ஆண்டளவில் ஆத்திரேலியாவினின்று கற்பூரமரம் கொண்டுவரப்பட்டது. சீகைமரமும் அங்கிருந்து வந்ததே. விறகுக்கும் பட்டைக்கும் நட்ட அயன்மரங்கள் மலைமுகட்டை மூடின. அவற்றிற்கு முன் அங்கு என்ன இருந்தது? சோலையும் புல்வெளியும் இருந்தன. பள்ளங்களிலும் ஓடை மருங்குகளிலும் குட்டை மரங்கள் நெருங்கி, பாசி போர்த்த காடு. அதற்கு மேலே சரிவெல்லாம் புல். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருந்து, மழையற்ற திங்கள்களிலும் ஓடைக்கு விடுவது அவ்விரண்டின் கூட்டு. பவானியும் மாயாறும் வற்றாது ஓடியது அதனால். அக்காட்டை உலகத்து நிலைத்திணையியலார் அனைவரும் இன்று ‘சோலை’ என்னும் தமிழ்ச்சொல்லாலேயே வழங்குகின்றனர். அச்சொல்லைத் தந்த இனத்தானோ, சோலையைக் காட்டினால் ‘புதர்’ என்கிறான். புல்வெளியைக் காட்டினால் ‘வெற்றிடம்’ என்கிறான். கற்பூரமரத் தோப்பின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறான். பழனிமலைத் தொடரில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைமதிப் படங்களைக் கொண்டு ஆய்ந்தோர் காட்டியுள்ளனர். மறைந்ததை உணரவும் நம்மவர்க்குக் கண் இல்லை. ஏனெனில் அங்கும் பச்சையாகத்தானே இருக்கிறது!

தமிழன் கண் இப்படிப் பழகிய கண்ணன்று. நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது தொல்காப்பியம். விலங்கும் மரமும் புள்ளும் உணவும் தொழிலும் அதன்பின் கருப்பொருளாய் வந்தன. தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கிய குறிஞ்சிப்பாட்டுக் கபிலர், மலையைத் தொலைவில் நின்று பார்த்து மீண்டவர் அல்லர். குறிஞ்சிக்கு வகுத்த பெரும்பொழுது எது? கூதிரும் முன்பனியும். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். மலை தன் உண்மை உருவைக் காட்டும் காலம் அதுவே. வாடைமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் இறங்குவது அப்பொழுது. இற்றைச் செலவினரோ சித்திரையிலும் வைகாசியிலும் மட்டுமே மலையைக் காண்கின்றனர். வறண்ட ஓடைத்தடத்தை ‘அழகிய சரிவு மனை’ என்று தரகன் காட்டுகிறான். இவர்கள் முன்பணம் கொடுக்கின்றனர். கூதிரில் அம்மனைமேல் ஓடும் நீரை அவ்விருவருள் ஒருவனேனும் பார்த்திருந்தால் அவ்விலை பேசப்படுமா?

2009ஆம் ஆண்டு நவம்பரில் நீலமலையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது கூதிர். 2019 ஆகத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ. அளவு மழை கொட்டியது. அவலாஞ்சி என்னும் பெயரே சரிவைக் குறிக்கும் ஆங்கிலச்சொல்லின் திரிபு. வெள்ளையன் வைத்த பெயர்களுள் இஃதொன்றாவது உண்மை பேசுகிறது. 2024 சூலையில், கூடலூர்க்கு அப்பாலுள்ள வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் ஓரிரவில் மண்ணுள் புதைந்தன. மேற்கே மலையாள நாட்டில் நிகழ்ந்ததாயினும் மலைத்தொடர் ஒன்றே.

மலைச்சரிவை விடுத்துச் சமநிலம் தேர்ந்தாரோ யானையின் வழியில் விடுதி கட்டினர். மசினகுடியைச் சூழ்ந்த சீகூர் மேட்டுநிலத்தில் யானைத்தடத்தை மறித்த விடுதிகளை அகற்றும் முடிபை, 2020 அத்தோபரில் உச்சமுறைமன்றம் உறுதி செய்தது. யானையின் ஊர் எது என்று சொல்ல அறமன்றத்தின் உச்சிவரை ஏறவேண்டியிருந்தது. உதகைக்கும் கொடைக்கும் செல்லும் ஊர்திகளுக்கு 2024 மே 7 முதல் நுழைவுச்சீட்டு வேண்டும் என ஆணையிட்டதும் மன்றமே. அரசினர் தாமாக முன்வரவில்லை. 2025 ஏப்பிரலிலிருந்து நீலமலைக்கு வாரநாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 ஊர்திகள் என்று வரம்பு கட்டப்பட்டது. அவ்வரம்பே இத்துணையென்றால், வரம்பற்ற நாளில் அம்மலை பட்ட பாட்டை அறியலாம்.

செலவினர் வாராவிடின் மலைமக்கள் பிழைப்பதெப்படி என்று கேட்பர். மலைமக்கள் யார்? தோடர் தம் குடியிருப்பை மந்து என்பர்; அது நம் மன்றும் மந்தையுமே. கோத்தர், குறும்பர், இருளர் மொழிகளும் தமிழோடு ஒரே குடும்பத்தன. விடுதி வருவாயில் அவர்க்குச் சேர்வது வாயில் காவலும் துடைப்பமும். மந்தின் அரைவட்டக் குடிலோ, விடுதி முற்றத்தில் அணிகலம்போல் கட்டிவைக்கப்படுகிறது.

இன்னொரு மக்களும் அங்குளர். 1964ஆம் ஆண்டுச் சிரிமாவோ–சாத்திரி உடன்பாட்டால், ஈழத்து மலையகத்தினின்று பெயர்க்கப்பட்ட தமிழர்க்கென்று 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அம்மக்கள் கூடலூரிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து கிள்ளினர். எந்த மலையில் வாழ்வது என்று எவரும் அவரைக் கேட்டதில்லை. இரு அரசுகள் எண்ணிப் பங்கிட்டன. அவர்கள் கிள்ளிய கொழுந்துத் தோட்டத்தைத்தான் மாளிகைப் பலகணி வழியே பார்த்து, ‘பச்சைக் கம்பளம்’ என்று மகிழ்கின்றனர் மனை வாங்கியோர். அக்கம்பளத்தின் ஓரத்தில் வரிசையாய்த் தெரியும் தகரக்கூரைகள் காட்சியைக் கெடுப்பதாகக் கருதுவோரும் அவருள் உளர். அவ்வரிசை வீடுகளில் தாயும் மகளும் பேரனுமாக மூன்று தலைமுறை ஒரே அறையில் உறங்கியெழுந்து, விடியுமுன் கூடை கட்டிக்கொண்டு சரிவில் இறங்குகிறது. இடம் தேரப் புறப்படும் தமிழன், விலை பேசுமுன் அவ்வீட்டுக் கதவை ஒருமுறை தட்டி, கார்த்திகை மழையில் இங்கே நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்கட்டும். அவர்க்குத் தெரியும்.