பழத்தின் பெயரைப் பறிகொடுக்கலாமா?

சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பந்தல் பந்தலாகத் திராட்சை தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் மதிய இடைவேளையில் நம் வாயில் வருவது 'கிரேப்ஸ்', 'பனானா', 'மேங்கோ' என்பவையே. பெயர் எதுவானால் என்ன, சுவை ஒன்றுதானே என்று தோழியர் சிலர் கேட்கலாம். பெயரிலும் பெருமை உண்டு என்பதே எங்கள் கருத்து.

'திராட்சை' வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டு ஐரோப்பா சென்றவர்கள் ரோமானி மக்களின் முன்னோர். அவர்கள் மொழியில் இன்றும் இப்பழத்தின் பெயர் 'திராக்'! நாடு நாடாக அலைந்தும் சொல்லை அவர்கள் தொலைக்கவில்லை. தோட்டத்தின் நடுவே வாழும் நாம் தொலைக்கலாமா?

உலக மக்களுக்கெல்லாம் பொதுமொழி வேண்டுமென்று டாக்டர் சாமென்ஹாஃப் 1887-ல் எஸ்பெராண்டோவை வெளியிட்டார். அதில் பழம் 'ஃப்ருக்தோ', மாம்பழம் 'மாங்கோ'. தமிழரும் மலையாளிகளும் வழங்கிய மாங்காய்தான் போர்த்துக்கீசியர் நாவில் 'மாங்கா' ஆகி, உலகைச் சுற்றி அங்கும் இடம்பிடித்தது. உருவாக்கிய மொழியிலும் நம் சொல் வாழ்கிறது. நம் வீட்டிலோ அதற்கு இடமில்லை!

பிறமொழிச் சொல்லே கூடாது என்று நாங்கள் கூறவில்லை. கொய்யாவும் அன்னாசியும் கடல் கடந்து வந்தபோது தம் பெயர்களையும் உடன் கொண்டு வந்தன. தமிழ் அவற்றை ஏற்றுக்கொண்டது. புதிய பொருளோடு வரும் சொல் விருந்தாளி. வீட்டிலிருப்பவரை வெளியே தள்ளிவிட்டு அமரும் சொல்லையும் விருந்தாளி என்போமா? பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் பெயர் வைத்த மொழி நம்முடையது. 'ஃப்ரூட்' என்ற ஒரே சொல்லுக்காக இவற்றையெல்லாம் விட்டுவிடுவது நட்டமல்லவா?

பன்னீர் திராட்சையை 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்பர். 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' புவிசார் குறியீடு பெற்றது. வேறிடத்தில் விளைந்ததை அப்பெயரால் விற்பது இனிச் சட்டப்படி தவறு. பெயரும் உழவரின் சொத்தே என்று சட்டம் கூறும்போது, அதை உச்சரிக்க நாம் ஏன் கூச வேண்டும்?

ஆகவே தோழியரே! ஆங்கில வகுப்பில் ஆங்கிலத்தை அழகாகப் பேசுவோம். தமிழ் பேசும்போது பழங்களைத் தமிழ்ப் பெயரால் அழைப்போம். பாட்டியிடம் வாழையின் வகைகளைக் கேட்டு எழுதி வைப்போம். அடுத்த பள்ளிக் கண்காட்சியில் பழத்தட்டின் முன் அப்பெயர்ப் பலகைகளே நிற்கட்டும்!