பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டும் எண்ணெய்க் கொள்கை



மார்க்கெட் கமிட்டியில் மணிலா மூட்டைகளை இறக்கிவிட்டு ஏலத்துக்குக் காத்திருந்தோம். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா செயலாளரே, மணிலாவுக்கு விலை ஏத்திட்டோம்னு டி.வி.யில சொன்னாங்களே, அந்த விலை எந்த ஊர்லப்பா இருக்குது?"

"டெல்லியில இருக்குதுங்க ஐயா" என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்றைக்கு அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இந்தப் பிரசுரத்தில் எழுதுகிறேன். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு நாள், இரண்டு உத்தரவு

2025 மே 28-ந்தேதி மத்திய அமைச்சரவை கூடியது. காரீப் பருவப் பயிர்களுக்கு ஆதார விலையை அறிவித்தது. மணிலா குவிண்டாலுக்கு 6,783 ரூபாயாக இருந்தது 7,263 ரூபாய் ஆனது. 480 ரூபாய் உயர்வு. எள்ளுக்கும் 579 ரூபாய் ஏற்றி 9,846 ரூபாய் என்றார்கள். பேப்பரில் பெரிய எழுத்தில் செய்தி வந்தது. நாமும் சந்தோஷப்பட்டோம்.

சரியாக இரண்டே நாள். மே 30-ந்தேதி நிதி அமைச்சகத்திலிருந்து இன்னொரு அறிவிக்கை வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கச்சா பாமாயில், கச்சா சோயா எண்ணெய், கச்சா சூரியகாந்தி எண்ணெய் மூன்றுக்கும் அடிப்படை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 27.5 சதவீதமாக இருந்த வரி 16.5 சதவீதம் ஆனது. இது பெரிய எழுத்தில் வரவில்லை. வியாபாரப் பக்கத்தின் மூலையில் வந்தது. நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

முதல் உத்தரவு நமக்கு நல்ல விலை தருவதாகச் சொல்கிறது. இரண்டாவது உத்தரவு அந்த விலை கிடைக்காமல் இருப்பதற்கான வழியைத் திறந்துவிடுகிறது. இரண்டும் ஒரே அரசாங்கம், ஒரே வாரம். ஆடிப்பட்டத்துக்கு நாம் விதை மணிலா உடைக்கப் போகிற நேரம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான்.

ஆலைக்கு மட்டும் சுவரா?

அந்த அறிவிக்கையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கச்சா எண்ணெய்க்குத்தான் வரியைக் குறைத்தார்கள். சுத்திகரித்து பாக்கெட்டுக்குத் தயாராக வரும் எண்ணெய்க்கு 35.75 சதவீத வரியைத் தொடவில்லை. ஏன்? உள்நாட்டில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு ஆலையோடு போட்டி போட முடியவில்லை, அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். இரண்டு வரிக்கும் நடுவில் 19.25 சதவீத வித்தியாசம் வைத்து ஆலைக்காரர்களுக்கு ஒரு சுவர் எழுப்பினார்கள்.

ஆலைக்காரர் பிழைக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆலையில் வேலை செய்பவனும் நம் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். வெளிநாட்டு ஆலையோடு உள்நாட்டு ஆலை போட்டி போட முடியாது என்பது டெல்லிக்குப் புரிகிறது. இந்தோனேஷியாவிலும் மலேசியாவிலும் பெரிய பெரிய கம்பெனித் தோட்டங்களில் விளையும் பாமாயிலோடு, ஒன்றரை ஏக்கர் மானாவாரிக்காரன் போட்டி போட முடியாது என்பது மட்டும் ஏன் புரியவில்லை?

கணக்கு போட்டுப் பாருங்கள்

நூறு கிலோ மணிலாக் காயை உடைத்தால் ஏறக்குறைய 70 கிலோ பருப்பு கிடைக்கும். அதை ஆட்டினால் 30 கிலோ அளவுக்கு எண்ணெய், மீதி பிண்ணாக்கு. ஆதார விலை 7,263 ரூபாயை அப்படியே கொடுத்துக் காய் வாங்கினால், காய்க்கு மட்டும் எண்ணெய் கிலோவுக்கு 242 ரூபாய் விழுகிறது. ஆட்டுக்கூலி, வண்டி வாடகை தனி. பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும் பாமாயில் பக்கத்தில் நிற்க முடியுமா? ஓட்டல்காரர் பாமாயிலுக்குப் போய்விட்டார். பலகாரக் கடைக்காரர், பேக்கரிக்காரர் எல்லோரும் போய்விட்டார்கள். கடலை எண்ணெய் வசதி உள்ளவர்கள் வீட்டுச் சமாச்சாரமாகச் சுருங்கிவிட்டது. செக்குக்காரர் முன்போல் காய் வாங்காவிட்டால் கமிட்டியில் போட்டி எங்கிருந்து வரும்? போட்டி இல்லாத ஏலத்தில் விலை எப்படி ஏறும்? பெரியவரே, நீங்கள் கேட்ட விலை காணாமல் போனது இப்படித்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மணிலாவை விற்றுவிட்டு வரும் வழியில் நாமே ரேஷன் கடையில் நின்று 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட் வாங்குகிறோம். என் வீட்டுக் கார்டுக்கும் அதே பாக்கெட்தான். 2007-ல் தொடங்கிய திட்டம். அதற்குப் பிறகு ஆட்சிகள் மாறின, பாக்கெட் மாறவில்லை. ஏழைக்கு மலிவாக எண்ணெய் கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் நம் வயிற்றில் நாமே அடித்துக்கொள்வதாகும். அந்த மானியப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்து நம்ம ஊர் மணிலா எண்ணெயும், பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் எண்ணெயும் ரேஷனுக்கு வாங்கக் கூடாதா என்றுதான் கேட்கிறோம். தென்னை விவசாயிகள் பல வருஷமாகக் கேட்டு வரும் கோரிக்கை இது.

முடியும் என்று ஒருமுறை காட்டிய நாடு

"நம்ம நாட்டுக்குத் தேவையான எண்ணெய்யை நாமே விளைவிக்க முடியாது, வேற வழி இல்ல" என்று சிலர் பேசுகிறார்கள். இது சரியல்ல. 1986-ல் ராஜீவ் காந்தி அரசு எண்ணெய் வித்துக்களுக்குத் தொழில்நுட்ப இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கியது. நல்ல விதை, ஆதார விலை, கொள்முதல், இறக்குமதிக்குக் கட்டுப்பாடு எல்லாம் ஒன்று சேர்ந்தன. 110 லட்சம் டன்னுக்கும் குறைவாக இருந்த எண்ணெய் வித்து உற்பத்தி பத்தே வருஷத்துக்குள் 200 லட்சம் டன்னைத் தாண்டியது. 1990-களின் தொடக்கத்தில் நாட்டுக்கு வேண்டிய எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதும் இங்கேயே கிடைத்தது. மஞ்சள் புரட்சி என்று பெயர் வைத்தார்கள். நம் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரக மணிலா ஊர் ஊராகப் போன காலம்.

அப்புறம் என்ன ஆச்சு? 1994-ல் நரசிம்மராவ் அரசு பாமாயிலைத் தாராள இறக்குமதிப் பட்டியலில் சேர்த்தது. அப்போது வரி 65 சதவீதம். 1998-ல் வாஜ்பாய் அரசு அதை 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. அதே அரசு 2001-ல் கச்சா பாமாயிலுக்கு 75 சதவீதம் போட்டது. 2008-ல் மன்மோகன் சிங் அரசு பூஜ்யம் ஆக்கியது. 2018-ல் மோடி அரசு 44 சதவீதம் ஆக்கியது. 2021 அக்டோபரில் அடிப்படை வரியை அதே அரசு பூஜ்யம் ஆக்கியது. 2024 செப்டம்பரில் 20. 2025 மே மாதம் 10. கிணற்று வாளிகூட இத்தனை தடவை ஏறி இறங்காது! இதில் எந்தக் கட்சியை விட்டுவிடுவது? எந்த வருஷத்தை நம்பி நாம் மணிலா விதைப்பது?

விளைவு, இன்றைக்கு நம் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. 2023-24 எண்ணெய் ஆண்டில் சுமார் 160 லட்சம் டன். அதற்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்குக் கொடுத்தோம்.

மலிவு எண்ணெய் எப்போதும் மலிவா?

மக்களுக்கு விலை குறைய வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2022-ஐ மறக்க வேண்டாம். பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம், சூரியகாந்தி எண்ணெய் வரத்து அடிபட்டது. ஏப்ரல் 28-ந்தேதி இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதிக்கே தடை போட்டது. மே 23-ந்தேதி வரை அந்தத் தடை நீடித்தது. எங்கோ இருக்கிற ஒரு அரசு தன் ஜனங்களுக்காக ஒரு உத்தரவு போட, இங்கே நம் அடுப்பங்கரையில் எண்ணெய் விலை எரிந்தது. இந்தோனேஷியா செய்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர்கள் தங்கள் ஜனத்தைப் பார்த்தார்கள். நம்மைப் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. சொந்த விளைச்சலை அழித்துவிட்டு வாங்கித் தின்றால், விலையைச் சொல்லுகிற உரிமை விற்கிறவனுக்குத்தான்.

விலை ஏறினால் ஓடி வருகிறார்கள்

மணிலாவுக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல இது. 2023 ஜூலையில் அரிசி விலை ஏறியது, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை. 2023 டிசம்பரில் வெங்காயம் ஏறியது, ஏற்றுமதிக்குத் தடை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டது. அடிபட்டது துணி ஏற்றுமதி. அதற்கு மருந்தாகப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை செப்டம்பர் 30 வரை நீக்கினார்கள். பத்தே நாளில் அதை டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். வடக்கே பருத்தி எடுப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்கள் அவை! திருப்பூர் தொழிலாளியின் வேலை காக்கப்பட வேண்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அமெரிக்கா அடித்த அடிக்கு ஒத்தடம் கொடுக்கப் பருத்தி விவசாயியின் துணியைத்தான் கிழிக்க வேண்டுமா?

விலை ஏறினால் ஒரே ராத்திரியில் உத்தரவு வருகிறது. விலை விழுந்தால் கமிட்டி அமைக்கிறார்கள், அறிக்கை கேட்கிறார்கள், அதற்குள் அறுவடை முடிந்து கடன்காரன் வாசலில் நிற்கிறான். ஏறும்போது பாதியை எடுத்துக்கொள்கிறவர்கள், இறங்கும்போது பாதியைச் சுமக்க வேண்டாமா?

"உலக வர்த்தக ஒப்பந்தம் கையைக் கட்டிவிட்டது" என்ற சாக்கும் செல்லாது. உலக வர்த்தக அமைப்பில் பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி போட நமக்கு உரிமை இருக்கிறது. 2009-ல் ஆசியான் நாடுகளோடு போட்ட ஒப்பந்தம் அந்த உரிமையைக் குறைத்தது உண்மை. அப்படியும் கச்சா பாமாயிலுக்கு 37.5 சதவீதம் வரை போட இடம் இருக்கிறது. கையை யாரும் கட்டவில்லை. இவர்களே கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்த உத்தரவுகளுக்கு முன்கூட்டிப் பாராளுமன்றத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. 1962-ம் வருஷத்து சுங்கச் சட்டத்தின் 25-வது பிரிவு மத்திய அரசுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. ஒரு அறிவிக்கை போதும். போட்ட பிறகாவது நாம் அனுப்பிய எம்.பி.க்கள் எழுந்து கேட்கலாம் அல்லவா? தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர் போகிறார்கள்.

நாம் கேட்பது என்ன?

வரியை ஏற்று என்று மட்டும் கேட்டால் போதாது. 2024 செப்டம்பரில் வரியை ஏற்றிய பிறகும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் சோயா விலை ஆதார விலையான 4,892 ரூபாய்க்குக் கீழேதான் கிடந்தது. பிண்ணாக்கு விலை விழுந்திருந்தது, கொள்முதலும் போதவில்லை. ஆகவே வரியும் கொள்முதலும் சேர்ந்தே வர வேண்டும்.

ஒன்று: ஆதார விலையை அறிவிக்கும் அன்றைக்கே, அந்தப் பயிர் அறுவடை முடியும் வரை இறக்குமதி வரி எவ்வளவு என்பதையும் அறிவிக்க வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது.

இரண்டு: மார்க்கெட் விலை ஆதார விலைக்குக் கீழே போனால், யாரும் கேட்காமலே வரி தானாக ஏற வேண்டும் என்று விதி செய்ய வேண்டும்.

மூன்று: அறுவடை தொடங்கும் நாளிலேயே கமிட்டியில் மணிலா, எள் கொள்முதல் தொடங்க வேண்டும்.

நான்கு: ரேஷன் எண்ணெயில் ஒரு பங்கை உள்ளூர் கடலை எண்ணெயாகவும் தேங்காய் எண்ணெயாகவும் மாநில அரசு வாங்க வேண்டும்.

ஐந்து: எண்ணெய் இறக்குமதியில் விவசாயத்தின் பெயரைச் சொல்லி வசூலிக்கும் செஸ் பணம் எண்ணெய் வித்து விவசாயிக்கு எவ்வளவு வந்தது என்று கணக்கு வைக்க வேண்டும்.

பெருமக்களே! எங்கள் ஊரில் மணிலா போட்ட நிலத்தில் இப்போது சவுக்கு நிற்கிறது. சவுக்குக்குக் களை எடுக்கிற பெண் வேண்டாம், காய் ஆய்கிற கிழவி வேண்டாம், மாட்டுக்குக் கொடியும் கிடைக்காது. மணிலா போனால் விவசாயியோடு போகாது. கூலிக்காரர் வீட்டு அடுப்பும், மாட்டுக்காரர் தொழுவமும் சேர்ந்து போகும். அதனால்தான் பேசுகிறோம்.

"எந்தக் கட்சி வந்தாலும் இப்படித்தான்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். அப்படி நாம் போய்விடுவோம் என்ற தைரியத்தில்தான் அந்த மூலைச் செய்திகள் வருகின்றன. வரும் கிராம சபையில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். மறுக்கப்பட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள். உங்கள் எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும், "2025 மே 30-ந்தேதி அறிவிக்கை பற்றி நீங்கள் பாராளுமன்றத்தில் என்ன பேசினீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கார்டில் எழுதிப் போடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். வந்த பதில்களையும், பதில் சொல்லாதவர்களின் பெயரையும் அடுத்த பிரசுரத்தில் அச்சடிப்போம்.

பெரியவரே, அடுத்த முறை கமிட்டியில் பார்க்கும்போது நான் சிரித்து மழுப்ப மாட்டேன். நீங்களும் கார்டோடு வாருங்கள்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
செயலாளர்