சச்சின் சதம் அடிச்சா இந்தியா தோத்துடுமா?



குறுவட்டப் போட்டி முடிந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பேச்சு வந்தது. நம் கபடி டீம் 25–27 என்று இரண்டே பாயிண்டில் தோற்றது எல்லோருக்கும் தெரியும். அந்த 25-ல் 14 பாயிண்ட் நம் பத்தாம் வகுப்பு அக்கா எடுத்தது. ஆனால் பஸ்ஸில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அவ பேருக்காக ஆடுறா. சச்சின் சதம் அடிச்சா இந்தியா தோத்துடும்ல, அந்த மாதிரி." எல்லோரும் சிரித்தார்கள். அக்கா முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாங்க. திரும்பிப் பார்க்கவே இல்லை.

சச்சின் 2013-ல் ஓய்வு பெற்றபோது நாங்கள் நடை பழகும் குழந்தைகள். அவர் ஆடி நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை மட்டும் எங்கள் வாய்க்கு வந்துவிட்டது. அது உண்மையா என்று பார்க்கலாம், வாருங்கள்.

முதலில் கணக்கு. சச்சின் அடித்தது மொத்தம் 100 சதம். டெஸ்டில் 51, ஒருநாள் போட்டியில் 49. இதில் இந்தியா ஜெயித்தது 53, தோற்றது 25. மீதி 22-ம் டிரா, டை, முடிவு இல்லாதது. அப்படியென்றால் நாலு சதத்துக்கு ஒன்றுதான் தோல்வியில் போயிருக்கிறது. பிறகு ஏன் தோத்தது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கு? ஜெயிச்சா பட்டாசு வெடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவோம். தோத்தாதான் யார் மேல பழி போடலாம்னு உட்கார்ந்து யோசிப்போம். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, நம் சென்னையிலேயே நடந்த கதை. 1999 ஜனவரி 31. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். ஜெயிக்க 271 ரன் வேண்டும். 82 ரன்னுக்கு 5 விக்கெட் போய்விட்டது. சச்சினும் விக்கெட் கீப்பர் நயன் மோங்கியாவும் சேர்ந்து 218 வரைக்கும் கொண்டு வந்தார்கள். மோங்கியா 52. சச்சினுக்கு முதுகில் தாங்க முடியாத வலி. வலியோடவே 136 ரன் அடித்தார். இன்னும் 17 ரன்தான் தேவை என்ற நேரத்தில் சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடித்து, வாசிம் அக்ரம் கையில் கேட்ச் கொடுத்து அவுட். அதற்குப் பிறகு மீதி மூன்று விக்கெட்டும் 4 ரன்னில் விழுந்தன. இந்தியா 258. தோல்வி 12 ரன்னில்.

அப்பா அந்த மேட்ச்சை திருவொற்றியூரில் ஒரு கடை வாசலில் நின்று டிவியில் பார்த்தாராம். "சச்சின் அவுட்டானதும் பாதிப் பேரு கெளம்பிப் பூட்டாங்கம்மா. இன்னும் மூணு விக்கெட்டு கீது, பதினேழே ரன்னுதான். ஆனா யாருக்கும் நம்பிக்க இல்ல" என்று சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும் கஷ்டமாக இருந்தது. மீதி மூன்று பேரால் முடியாது என்று நாமே முடிவு பண்ணிவிட்டு, அப்புறம் சச்சின் முடிச்சுத் தரலைன்னு சொல்றோம்!

அந்த 12 ரன் எங்கே போச்சு என்று யோசித்துப் பார்த்தேன். அது ஒரே இடத்தில் போகவில்லை. முதல் இன்னிங்ஸில் சச்சினே 0-க்கு அவுட். அதுவும் சேர்த்துதான். இரண்டாவது இன்னிங்ஸில் 6 ரன்னுக்கே இரண்டு பேர் அவுட். அதுவும் சேர்த்துதான். அந்தப் பக்கம் ஷாகித் அஃப்ரிடி 141 அடித்தார், சக்லைன் மொத்தம் 10 விக்கெட் எடுத்தார். எதிரணியும் நல்லா ஆடுச்சுன்னு சொல்ல ஏன் நமக்கு வாய் வருவதில்லை? ஆனால் அன்றைக்கு சேப்பாக்கம் ரசிகர்களுக்கு வந்தது. எழுந்து நின்று பாகிஸ்தான் டீமுக்குக் கை தட்டினார்கள். ஆட்ட நாயகன் விருது தோற்ற டீமில் இருந்த சச்சினுக்குக் கிடைத்தது.

"அப்ப ரன் எடுத்தா போதுமா, டீம் எப்படிப் போனாலும் பரவாயில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2012 மார்ச் 16, மிர்பூரில் வங்கதேசத்தோடு அவர் 100-வது சதம் அடித்தார். 114 ரன், ஆனால் 147 பந்து. இந்தியா 289 எடுத்தும் தோற்றது. இன்னும் கொஞ்சம் வேகமாக ஆடியிருக்கலாம் என்று சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன். அதே சமயம் 289-ஐக் காப்பாற்ற வேண்டியது பந்து போட்டவர்கள். அதையும் சொல்லணும் இல்லையா?

இதற்கு நேர் எதிராக ஒன்று. 2004-ல் முல்தான் டெஸ்ட். சச்சின் 194-ல் நிற்கும்போது கேப்டன் டிராவிட் டிக்ளேர் செய்துவிட்டார். இரட்டைச் சதம் போச்சு. இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. சச்சினுக்கு வருத்தம் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. சாதனைக்கு ஆசைப்படுவது தப்பு இல்லை. டீமுக்கு வேணும்னா அதை விட்டுட்டு வரணும், அவ்வளவுதான்.

பெண்கள் கிரிக்கெட்டிலும் இது இருக்கிறது. 2025 நவம்பர் 2-ம் தேதி நம் பெண்கள் உலகக் கோப்பை வாங்கியபோது நாமெல்லாம் குதித்தோம். அந்த இறுதிப் போட்டியில் தோற்ற தென்னாப்பிரிக்கா கேப்டன் லாரா வோல்வார்ட் 101 ரன் அடித்திருந்தார். அந்த உலகக் கோப்பையிலேயே அதிக ரன் அவருடையதுதான், 571. அவர் சதம் அடித்ததால்தான் அந்த டீம் தோத்தது என்று யாராவது சொன்னால் சிரிக்க மாட்டோமா?

இப்போது நம் மேட்ச்சுக்கு வருகிறேன். இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

அக்கா பிடிபட்டபோது நாம் ஒரே ஒரு பாயிண்ட்தான் பின்னால் இருந்தோம். 24–25. இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. அடுத்த ரெய்டு போனது நான். எதிரில் ஏழு பேரைப் பார்த்ததும் எனக்குக் கை கால் நடுங்கிடுச்சு. யாரையும் தொடாமலேயே ஓரத்து லாபியில் காலை வச்சுட்டேன். அவுட். யாரும் என்னைப் பிடிக்கக்கூட இல்லை. ஆனால் பஸ்ஸில் யாரும் என்னைப் பற்றிப் பேசவில்லை. ஏன்னா என்கிட்ட யாரும் எதையும் எதிர்பார்க்கவே இல்லை! நானும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளை எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். தப்பிச்சோம்னுதான் நினைச்சேன். அது தப்பு.

அக்கா எல்லா ரெய்டும் தானே போறாங்க, மற்றவங்களுக்குக் குடுக்கலை என்று சொல்கிறார்கள். அது கொஞ்சம் உண்மைதான். ஆனால் "நான் போறேன்" என்று எங்களில் எத்தனை பேர் கையைத் தூக்கினோம்? பிராக்டீஸில் ரெய்டு போகச் சொன்னால் கால் வலிக்குதுன்னு உட்கார்ந்துகொள்வது யார்? தனி மரம் தோப்பாகாது என்று மரத்தைப் பார்த்துத் திட்டுகிறோம். மற்ற மரங்கள் ஏன் வளரவில்லை என்று கேட்பதில்லை.

என் கருத்து இதுதான். ஒருத்தர் எடுத்த ரன்னையோ பாயிண்டையோ மட்டும் பார்த்து அவரைப் பெரிய ஆள்னு சொல்லக் கூடாது. டீம் தோத்ததை மட்டும் பார்த்து அவரைச் சுயநலக்காரர்னும் சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் டீமுக்கு என்ன தேவை, அதை அவர் செய்தாரா என்று பார்க்கணும். அதே கேள்வியை மீதிப் பேரும் தங்களைக் கேட்டுக்கொள்ளணும்.

அந்த மேட்ச்சுக்குப் பிறகு அக்கா சாயந்திர பிராக்டீஸுக்கு வருவதில்லை. பத்தாவது, படிக்கணும் என்கிறார்கள். காரணம் அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

அக்கா, நீங்க இதைப் படிப்பீங்க. திங்கட்கிழமையிலிருந்து தினமும் பத்து ரெய்டு நான் போறேன். நீங்க வந்து என்னைப் பிடிங்க. லாபியில் கால் வைக்காமல் ஓடக் கத்துக்கொடுங்க.

தோழர்களே, உங்கள் கருத்து வேறு என்றால் ஒரு தாளில் எழுதி இதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஆனால் பேர் போட்டு எழுதுங்கள்.



இப்படிக்கு,
கடைசி ரெய்டில் லாபியை மிதித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி,
சடையங்குப்பம்.